மாற்றுக் கையின் தோல் நன்றாக இருந்தால் தமனியும் நன்றாக இருக்கிறது என்று பொருளா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கை மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் அண்ணனுக்கு இதுவரை இரண்டு முறை அந்தக் கையில் சிவந்த தடிப்புகள் தோன்றி, ஸ்டீராய்டு சிகிச்சையில் மறைந்துவிட்டன. இப்போது தோல் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. அப்படியிருந்தும் கையின் இரத்தக்குழாய்களைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆழமான திசு மாதிரியும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இது அவசியம்தானா, அல்லது தேவைக்கு மீறிய எச்சரிக்கையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியம்தான். நிராகரிப்பு என்பது, வந்த உறுப்பை அயல் பொருளாகக் கண்டு உடல் தாக்குவது. தோலில் தெரியும் நிராகரிப்பும் தமனிச் சுவரில் நடக்கும் நிராகரிப்பும் ஒரே உடலின் எதிர்ப்பிலிருந்து பிறந்தாலும், எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. தோல் அமைதியாக இருக்கும் நேரத்தில் தமனி உள்ளுக்குள் குறுகிக்கொண்டிருக்கலாம். இதை மருத்துவ உலகமே சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்திற்காகச் சிலர் தங்கள் புதிய கையை இழந்தார்கள் என்பதால், இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் தோலைப் பற்றி. சிறுநீரகமோ கல்லீரலோ பெரும்பாலும் ஒரே வகைத் திசுவால் ஆன உறுப்பு. கை அப்படியல்ல. தோல், கொழுப்பு, தசை, தசைநாண், எலும்பு, மஜ்ஜை, நரம்பு, தமனி, சிரை என்று பல திசுக்கள் ஒரே நேரத்தில் இன்னொருவருடைய உடலுக்குள் வருகின்றன. இவற்றில் எதிர்ப்பை மிகக் கடுமையாகத் தூண்டுவது தோல். கிருமிகளை எதிர்கொள்ளும் முதல் அரண் தோல்தான் என்பதால், அயல் பொருளை அடையாளம் கண்டு நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிவிக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் பிற காவல் செல்களும் அதில் நிறைந்திருக்கின்றன. கொடையாளரின் தோலோடு அவையும் சேர்ந்தே வருகின்றன. 1954இல் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தவரும், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருமான ஜோசப் மர்ரே, திசுக்களை அவை தூண்டும் எதிர்ப்பின் அளவுப்படி வரிசைப்படுத்தியபோது தோலையே முதலிடத்தில் வைத்தார். தோலைத் தாங்கவைக்கும் அளவுக்கு மருந்துகள் வளராததால்தான் கை மாற்று பல பத்தாண்டுகள் எட்டாக் கனியாக இருந்தது. 1964இல் ஈக்வடாரின் குவாயாகில் நகரில் பொருத்தப்பட்ட கை சில வாரங்கள்கூட நிலைக்கவில்லை. 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஜீன்-மிஷேல் துபெர்நார் தலைமையிலான குழு செய்த மாற்றுதான் நவீன காலத்தின் தொடக்கம். அந்தக் கையும் 2001இல் நீக்கப்பட்டது; ஆனால் அதற்குக் காரணம் அதைப் பெற்றவர் மருந்துகளை நிறுத்திவிட்டது. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பொருத்தப்பட்ட கை பல ஆண்டுகள் நன்றாக உழைத்தது. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் கை நிற்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

தோல் நிராகரிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பது கை மாற்றில் கிடைக்கும் பெரிய வசதி. சிறுநீரகத்தில் இரத்தப் பரிசோதனை மாறும் வரை காத்திருக்க வேண்டும். கையிலோ சிவந்த புள்ளிகள், திட்டுகள், தடிப்பு, வீக்கம், சில நேரங்களில் கொப்புளம் என்று நோயாளியே முதலில் பார்த்துவிடுகிறார். உள்ளங்கையும் நகங்களும் முதன்மையாகப் பாதிக்கப்பட்டு, தோல் உரிந்து நகம் உருக்குலையும் வேறுபட்ட வடிவமும் உண்டு. மாற்று பெற்றவர்களைப் பற்றிய பன்னாட்டுப் பதிவேட்டின் கணக்கில், ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு முதல் ஆண்டுக்குள் ஒரு முறையேனும் இத்தகைய திடீர் நிராகரிப்பு வந்திருக்கிறது. எனவே உங்கள் அண்ணனுக்கு இரண்டு முறை வந்தது அசாதாரணம் அல்ல. பெரும்பாலானவை ஸ்டீராய்டிலும், தேவைப்பட்டால் அதைவிட வலுவான மருந்துகளிலும் அடங்கிவிடுகின்றன. தோலின் சிறு வட்டத் துண்டை எடுத்து (இதுவே தோல் பயாப்ஸி) நுண்ணோக்கியில் பார்த்து, 2007இல் பான்ஃப் என்ற மாற்றுறுப்பு வல்லுநர்களின் கூட்டத்தில் வகுக்கப்பட்ட 0 முதல் 4 வரையிலான தரவரிசையில் அதைக் குறிப்பார்கள். குழாய்களைச் சுற்றி அழற்சிச் செல்கள் சிறிதளவு கூடியிருந்தால் 1ஆம் தரம். மேல்தோலின் செல்களே மடிந்து திசு அழுகத் தொடங்கியிருந்தால் 4ஆம் தரம்.

அந்த வரிசை அழற்சியை, அதுவும் தோலின் அழற்சியை, மையமாக வைத்து எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆழத்தில் ஓடும் தமனியின் நிலையை அது அளப்பதில்லை. 2007இல் அதை வகுத்தவர்களிடம் நாள்பட்ட மாற்றங்களைப் பற்றி முடிவு சொல்லும் அளவுக்குச் சான்றுகள் இருக்கவில்லை. ஆனால் மருத்துவ அறிக்கையில் "தரம் 0" என்று எழுதியிருப்பதைப் படிக்கும் குடும்பத்தினர் "கை முழுவதும் நன்றாக இருக்கிறது" என்று புரிந்துகொள்வது இயல்பு. உங்கள் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இனி தமனிக்கு வருவோம். தமனியின் சுவர் மூன்று அடுக்குகள் கொண்டது. இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அகவுறை. அதன் பரப்பில் ஒரே ஒரு வரிசைச் செல்கள், தரையில் ஓடு பதித்தாற்போல், அமர்ந்திருக்கின்றன. அடுத்தது மென்தசைச் செல்களாலான நடுவுறை. அதற்கு வெளியே புறவுறை. அகவுறையின் அந்த ஒற்றை வரிசைச் செல்கள் கொடையாளருடையவை. அவற்றைத் தழுவி ஓடும் இரத்தமோ பெற்றவருடையது. இரு உடல்களும் நேருக்கு நேர் சந்திக்கும் எல்லைக்கோடு தோல் அல்ல, அந்த உள்வரிதான். அந்தச் செல்கள் கொடையாளரின் எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்களைத் தாங்கி நிற்கின்றன. பெற்றவரின் டி செல்கள் எனும் எதிர்ப்பு வெள்ளணுக்களும், அவர் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களும் அவற்றைக் கண்டுகொண்டால், செல்கள் உடனே மடிய வேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் அவை தூண்டப்பட்ட நிலைக்குப் போகின்றன; அழற்சிச் செல்களை ஒட்டவைக்கும் மூலக்கூறுகளை வெளிப்படுத்துகின்றன; வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. நடுவுறையில் அமைதியாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்த மென்தசைச் செல்கள் அந்தச் சமிக்ஞைகளை ஏற்று, தம் இயல்பை மாற்றிக்கொண்டு, அகவுறைக்குள் நகர்ந்து பெருகி, நார்ப்பொருளைச் சேர்க்கின்றன. அகவுறை சுற்றிலும் தடிக்கிறது. நடுவில் இருக்கும் துவாரம் சிறுக்கிறது. இதைத்தான் மாற்றுறுப்புத் தமனி நோய் என்கிறார்கள். மாற்றிய இதயத்தில் இதே நோய் நீண்ட காலமாக அறியப்பட்டது.

வயதானவர்களுக்கு வரும் கொழுப்புப் படிவு அடைப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொழுப்புப் படிவு பெரும்பாலும் குழாயின் ஒரு பக்கத்தில், ஓரிரு இடங்களில் மேடு தட்டி நிற்கும்; அந்த இடத்தைப் பலூன் வைத்து விரிக்கலாம். இங்கே தடிப்பு சுவரின் நாற்புறமும், குழாயின் நெடுகிலும், சிறு கிளைகள் வரை பரவுகிறது. விரிப்பதற்கென்று ஒரு குறிப்பிட்ட இடம் இருப்பதில்லை.

இது ஏன் இவ்வளவு காலம் வெளியே தெரியாமல் இருக்கிறது? குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அந்தப் பகுதியில் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும். ஆனால் முதல் கட்டத்தில் குறைவது பாதியல்ல, சிறு பங்குதான். கீழே இருக்கும் நுண்தமனிகள் தளர்ந்து கொடுத்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகின்றன. கைக்கு ஆரத் தமனி, முழங்கைப்புறத் தமனி என்று இரண்டு வழிகள் இருப்பதும், அவை உள்ளங்கையில் வளைவுகளாக இணைந்திருப்பதும் இன்னொரு காப்பு. ஈடுசெய்யும் திறன் தீர்ந்த பிறகே விரல் குளிர்வதும், குளிர் தாங்க முடியாமல் வெளுப்பதும், ஓய்விலும் வலிப்பதும், விரல் நுனியில் ஆறாத புண் தோன்றுவதும் தொடங்கும். நரம்பு இன்னும் முழுமையாக வளர்ந்து வராத கையில் இந்த வலிகூடத் தெளிவாக உணரப்படாமல் போகலாம். வெட்டப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கிறது. உணர்வு விரல் நுனியை எட்டும் முன்பே அங்கே இரத்தம் குறையத் தொடங்கிவிட்டால், எச்சரிக்க வேண்டிய வலி எழுவதற்கே வழியில்லை.

லூயிவில் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துறையின் பார்வையை மாற்றியது. அதுவரை, மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும் கை மாற்று நோயாளிக்குத் தமனி நோய் வருவதில்லை என்றே கருதப்பட்டது. தாங்கள் கை பொருத்திய 6 பேரில் இருவருக்கு, மாற்று நடந்து அதிக காலம் ஆகும் முன்பே, அகவுறை கடுமையாகத் தடித்துவிட்டது என்று அவர்கள் எழுதினார்கள். தமனி மட்டுமல்ல, சிரையும் நிராகரிப்பின் நேரடி இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தது. தங்கள் நோயாளிகள் அனைவரின் பதிவுகளையும் திரும்பிப் பார்த்தபோது, வழக்கமாகச் செய்துவந்த தோல் பயாப்ஸி, கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை, வழக்கமான இரத்தக்குழாய்ப் படங்கள் ஆகிய மூன்றுமே இந்நோயின் தொடக்க நிலையைக் கண்டுபிடிக்கப் போதுமானவையாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். தங்கள் கண்காணிப்பு முறையின் குறையைத் தாங்களே எழுதிய அந்த நேர்மையால் பின்னால் வந்த பல கைகள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மூன்றும் ஏன் தவறவிடுகின்றன என்பதை அறிந்தால் மருத்துவர் உங்கள் அண்ணனிடம் கேட்பது ஏன் என்பது புரியும். தோல் பயாப்ஸி சில மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டு. அதில் கிடைப்பவை நுண்குழாய்களும் மிகச் சிறிய கிளைகளும்தான். தடிப்பு தொடங்கும் தசைத் தமனிகள் அதைவிட ஆழத்தில் இருக்கின்றன. ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயின் உள்ளே ஓடும் சாயத்தை, அதாவது துவாரத்தின் நிழலை, சுவரை அல்ல. ஓரிடத்தில் மட்டும் குறுகினால் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். நெடுகச் சீராகக் குறுகிய தமனியோ படத்தில் பிறவியிலேயே மெல்லிய தமனிபோல் தோன்றும். எதிர்ப்பொருள் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், டி செல்கள் வழியாகச் சேதம் நடக்க வாய்ப்பு உண்டு. ஆகவே சுவரின் தடிமனையே அளக்கும் முறை தேவைப்பட்டது. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் அல்ட்ராசவுண்ட் அதைச் செய்கிறது. அதிர்வெண் உயர உயரப் படம் நுட்பமாகும். ஊடுருவும் ஆழம் குறையும். மணிக்கட்டிலும் விரலிலும் தமனிகள் தோலுக்கு அருகில் ஓடுவதால் அந்தக் குறை இங்கே பெரிதாகத் தடுப்பதில்லை. ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத சோதனை என்பதால் அடிக்கடியும் செய்யலாம். உங்கள் அண்ணன் தயங்க வேண்டிய காரணம் இதில் எதுவும் இல்லை.

ஆழமான திசு மாதிரி எடுப்பது அவ்வளவு எளிதல்ல. அது ஒரு சிறு அறுவை சிகிச்சை. எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட உடலில் காயம் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும், தொற்றும் வரலாம். அதனால் அதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அல்ட்ராசவுண்டில் சுவர் தடித்திருந்தாலோ, காரணம் தெரியாமல் விரல் குளிர்ந்தாலோ, வேறொரு காரணத்துக்காக அந்தக் கையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதோ எடுப்பது நியாயம். மருத்துவர் "தேவைப்பட்டால்" என்று சொன்னதும் அந்தப் பொருளில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு முறை தோலில் வந்ததால் தமனி நோய் வந்தே தீருமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயம் கேள்விக்குள் இருக்கிறது. விலங்கு ஆய்வுகள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றன. எலிகளின் பின்னங்காலை மாற்றி, திடீர் நிராகரிப்பைத் திரும்பத் திரும்ப வரவிட்டுச் சிகிச்சை அளித்தபோது, தமனி தடிப்பும் தசைச் சிதைவும் உண்டானதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு அழற்சியும் சுவரில் ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. மனிதர்களில் படம் அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. லியோன் குழு தன் கை, முக மாற்று நோயாளிகள் ஐவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆழமாக ஆராய்ந்து 2011இல் எழுதியபோது, அவர்களுக்குத் திடீர் நிராகரிப்புகள் வந்திருந்தும் தமனி நோயின் அறிகுறி காணப்படவில்லை. பிற்காலத்தில் அதே குழுவே கை மாற்றிலும் முக மாற்றிலும் நாள்பட்ட நிராகரிப்பைப் பதிவு செய்தது. தோலின் நுண்குழாய்களில் இரத்த உறைகட்டி காணப்படுவது கடும் நிராகரிப்பின் அடையாளம் என்றும் எழுதியது. ஆகவே முந்தைய நிராகரிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதிர்காலத்தைக் கணிக்க இயலாது. எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாகக் கண்டறியப்பட்டு எவ்வளவு முழுமையாக அடக்கப்பட்டது என்பதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

நாள்பட்ட நிராகரிப்பு தோலிலும் தடயம் விடுவது உண்டு; ஆனால் அது சிவப்புத் தடிப்பு போல் கூவி அழைப்பதில்லை. தோல் மெலிந்து பளபளப்பாகிறது, இறுகுகிறது, நிறம் திட்டுத் திட்டாக மாறுகிறது, முடி உதிர்கிறது, நகம் தேய்கிறது. வலியோ அரிப்போ இல்லாமல் மாதக்கணக்கில் நடக்கும் மாற்றம் என்பதால், தினமும் பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் இது மிகக் கடைசியில் தெரியும்.

சிகிச்சையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும்: தடித்துவிட்ட அகவுறையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்று இல்லை. செய்யக்கூடியது மேலும் தடிக்காமல் காப்பதுதான். டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு என்ற, எதிர்ப்பை அடக்கும் வழக்கமான மூன்று மருந்துகளில் ஏதேனும் ஒன்றை மாற்றி, சிரோலிமஸ் அல்லது எவரோலிமஸ் சேர்ப்பது ஒரு வழி. இவை டி செல்களை அடக்குவதோடு மென்தசைச் செல்களின் பெருக்கத்தையும் தடுக்கின்றன என்பதே காரணம். இதய மாற்றில் அவற்றின் பயன் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துவதும் வாய்ப்புண்ணும் கொழுப்பு ஏறுவதும் அவற்றின் விலை. எதிர்ப்பொருள்கள் காரணமாகத் தெரிந்தால், இரத்தப் பிளாஸ்மாவை வடித்து மாற்றுவதும், ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளும் முயலப்படுகின்றன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்களும் உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரினும் பல மையங்களில் துணைக்கு வருகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் இவ்விரண்டையும் ஏற்றக்கூடியவை என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. சைட்டோமெகலோ வைரஸ் தொற்று தமனியின் உள்வரியைச் சீண்டுகிறது, அதையும் கவனிப்பார்கள். புகையிலையை எந்த வடிவிலும் தொடக்கூடாது.

மருந்துகளை இன்னும் இன்னும் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு வரம்பு உண்டு. தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றின் அபாயம் கூடிக்கொண்டே போகும். இதயம் போனால் உயிர் போகும். கை போனால் உயிர் போவதில்லை. அதனால்தான் கையைக் காப்பாற்றுவதற்காக உயிரைப் பணயம் வைக்கும் கட்டத்தில், கையை நீக்கி மருந்துகளை நிறுத்துவதே சரியென்று மருத்துவர்கள் முடிவெடுக்க நேர்கிறது. இரண்டாம் முறையாகக் கையை இழப்பவரின் துயரத்தை எந்தப் பதிவேட்டின் எண்ணும் சொல்லாது. தமனியை முன்கூட்டியே பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது அந்தக் கட்டம் வரவே கூடாது என்பதால்தான்.

இப்போது செய்ய வேண்டியவை. அல்ட்ராசவுண்டுக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் அளவீட்டின் எண்களையும் எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒற்றை அளவீட்டைவிட, அதே இடத்தில் சில மாதங்கள் கழித்து எடுக்கும் அளவீட்டோடு ஒப்பிடுவதே பொருளுள்ளது. ஒரு கை மட்டும் மாற்றப்பட்டிருந்தால், அவருடைய சொந்தக் கையின் அதே தமனியையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்ரோலிமஸின் இரத்த அளவு சோதனைக்குச் சோதனை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மாத்திரை நேரம் தவறுவதும் வேறு மருந்துகளின் குறுக்கீடும் அதற்கு முக்கியக் காரணங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அந்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும். ஃப்ளுகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை ஏற்றிவிடும். எனவே வேறு எந்த மருத்துவர் எந்த மருந்து எழுதினாலும், மாற்று மையத்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் கையின் இரு பக்கங்களையும் நகங்களையும் படமெடுத்து வைத்தால், மெல்ல நடக்கும் மாற்றம் பிடிபடும். ஒரு விரல் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருந்தாலோ, அழுத்தி விட்ட பின் நகத்தின் அடியில் நிறம் திரும்பத் தாமதமானாலோ, விரல் நுனியில் கருத்த புள்ளியோ புண்ணோ தோன்றினாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே மாற்று மையத்தை அழையுங்கள். தோல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அழையுங்கள்.